மேல்மாடி வீடு ராத்திரியிலும் ஏன் கொதிக்கிறது? மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டியது யார்?

மே மாதம், இரவு பத்து மணி. நூம்பலில் மூன்று மாடி அபார்ட்மென்ட் ஒன்றின் கடைசி மாடி வீடு. வெளியே மொட்டை மாடியில் நின்றால் லேசாகக் காற்று வருகிறது. கதவைத் திறந்து உள்ளே வந்தால் அனல். ஃபேனை ஐந்தில் வைத்தால் அந்த அனல் இன்னும் வேகமாகத் தலையில் இறங்குகிறது. கட்டிலில் கை வைத்தால் மெத்தையே சுடுகிறது. அதே கட்டடத்தின் முதல் மாடியில் இருப்பவர்கள் ஃபேனோடு தூங்கிவிடுகிறார்கள். மேல்மாடிக்காரர் ஏசி ரிமோட்டைத் தேடுகிறார்.

வேலப்பன்சாவடி, அயனம்பாக்கம், திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி என்று சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்க இதே கதைதான். கடற்காற்று இங்கே வந்து சேரும்போது மணியும் ஆகிவிடும், வேகமும் குறைந்துவிடும். ஆனால் மேல்மாடி வீடு கொதிப்பதற்குக் காரணம் கடல் தூரமாக இருப்பது மட்டுமல்ல. தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம்தான் முதல் காரணம். அதைக் குளிர வைக்கும் வழிகள் எல்லாமே தெரிந்தவை, பலவும் மலிவானவை. இருந்தும் நடப்பதில்லை. வெயிலை அனுபவிப்பவர் ஒருவர், கூரைக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்பதுதான் சிக்கல்.

பகல் வெயில், ராத்திரி அனல்

சென்னை இருப்பது சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில். அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். கத்திரி வெயில் தொடங்குவது அதற்கடுத்து. அந்த நாட்களில் சுவர்களைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. மேகமில்லாத மதியத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் அளவுக்கு வெயில் இறங்கும். 600 சதுர அடி வீடு என்றால் கூரையின் பரப்பு சுமார் 56 சதுர மீட்டர். அதாவது 56 கிலோவாட். ஒரு பெரிய கீசர் எடுப்பது 2 கிலோவாட். அப்படி 28 கீசர்களை மாடியில் வரிசையாக வைத்து ஓட்டுவதற்குச் சமம்.

சாதாரண சிமென்ட் தளம் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், ஆனால் ஒரு பகுதி தளத்துக்குள் மெதுவாக இறங்கும். ஐந்தாறு அங்குல கான்கிரீட் தளம் சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். மதியம் வாங்கிய சூடு சாயங்காலம்தான் சீலிங்கின் அடிப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. சூரியன் மறைந்த பிறகும் வீடு சூடேறுவது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. அறையில் தெர்மாமீட்டர் 32 டிகிரி காட்டலாம். ஆனால் சீலிங் 40 டிகிரியில் இருந்தால், தோசைக்கல் பக்கத்தில் நிற்பது போல அது நம் உடம்பை நேராகச் சுடும். "டெம்பரேச்சர் கம்மிதான், ஆனா முடியலயே" என்று மேல்மாடியில் இருப்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை.

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதற்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயரே இருந்தது. அதன் மிச்சமாகத்தான் கான்கிரீட் தளத்தின் மேல் சுண்ணாம்பு-ஜல்லியும் தட்டோடும் போடும் 'வெதரிங் கோர்ஸ்' நீண்ட நாள் இருந்தது. செலவைக் குறைக்க முதலில் கை வைத்த இடமும் அதுதான். மேலே வெறும் சிமென்ட் பூச்சோடு நிற்கும் புறநகர் மாடிகளை இன்று எந்தத் தெருவிலும் எண்ணலாம்.

ஏசி போட்டா முடிஞ்சுதே?

முடியாது. தளம் சூடாக இருக்கும்வரை ஏசி அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 480 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 என்பது ஒரு வேலி. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும்.

அந்த 480 யூனிட்டுக்குப் பின்னால் புகையும் இருக்கிறது. இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு படுக்கையறையின் இரண்டு மாதத் தூக்கத்துக்கு ஏறக்குறைய 340 கிலோ.

இதைவிடப் பலருக்கும் தெரியாதது கேஸ். இப்போது விற்கும் பெரும்பாலான ஏசிகளில் இருப்பது ஆர்-32 வாயு. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒரு வீட்டு ஏசியில் இருப்பது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அது மொத்தமாகக் கசிந்துபோனால், ஒரு கோடையில் அந்த ஏசி எடுத்த மின்சாரத்தால் வந்த புகையைவிட அதிகக் கெடுதல். "வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணிடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால், கசிவு எங்கே என்று முதலில் கேளுங்கள். கசிவே இல்லாத ஏசிக்கு டாப்-அப் தேவைப்படாது. ஆர்-290 என்ற புரோப்பேன் வாயுவில் ஓடும் ஏசிகள் 2012 முதலே இந்தியாவில் விற்பனையில் உள்ளன. அதன் வெப்பத் தாக்கம் ஆர்-32-ஓடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் கடையில் போய் அதைக் கேட்பவர்கள் குறைவு.

ஏசியே வேண்டாம் என்பது இல்லை. குழந்தை, வயதானவர், நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குபவர் இருக்கும் வீட்டில் அது ஆடம்பரம் ஆகாது. ஆனால் முதலில் கூரை, அப்புறம் ஃபேன், அப்புறம் ஏசி என்ற வரிசையில் போனால் சின்ன ஏசி போதும், குறைந்த நேரம் போதும். 75 வாட் எடுக்கும் பழைய ஃபேனை 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றி, ஏசியை 26-ல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். செட்டிங்கை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

லண்டனில் குளிர், இங்கே வெயில்

வீட்டின் வெப்பநிலையைப் புகை குறைவாகச் சரிசெய்வது எப்படி என்பது உலகம் முழுக்க ஓடும் விவாதம். குளிர் நாடுகளில் அது வீட்டைச் சூடாக்குவது பற்றிய கேள்வி. பிரிட்டனில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் தருகிறார்கள். ஹீட் பம்ப் என்பது வேறொன்றுமில்லை, திருப்பி ஓடும் ஏசிதான். நம் ஏசி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவர்களுடையது வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இழுக்கிறது.

மானியம் கொடுத்தும் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவை அடுக்குமாடி வீடுகளும் வாடகை வீடுகளும்தான். யூனிட்டை எங்கே வைப்பது, வெளிச்சுவர் யாருடையது, நிலத்தின் உரிமையாளர் அனுமதிப்பாரா, வாடகைக்காரர் ஏன் செலவு செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளை அப்படியே தமிழில் எழுதி நூம்பல் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாடியில் என்னதான் செய்யலாம்?

எளிமையானது வெள்ளை. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். முன்பு பார்த்த அதே 56 கிலோவாட்டில், சிமென்ட் தளம் 37 கிலோவாட்டுக்கு மேல் உறிஞ்சும். வெள்ளைத் தளம் உறிஞ்சுவது 11 கிலோவாட்தான். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஷீட் வீட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், தடித்த கான்கிரீட் தளத்தில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். விளம்பரத்தில் யாராவது "10 டிகிரி குறையும்" என்றால், அது தளத்தின் மேற்பரப்பிலா, அறைக்குள்ளா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சுண்ணாம்பில் பசை கலந்து அடிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் சேர்ந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து போகும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். 'கூல் ரூஃப்' என்று விற்கும் அக்ரிலிக் பூச்சுகள் சில வருடங்கள் நிற்கும். ஆனால் கீழே தளம் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், விரிசலை முதலில் அடைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பாசி மேல் அடித்த பூச்சு முதல் மழையிலேயே பொரிப் பொரியாக உரியும். வெள்ளை டைல்ஸ் நீண்ட நாள் உழைக்கும், செலவும் தளத்தின் மேல் ஏறும் எடையும் அதிகம். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் எடையை ஏற்றக் கூடாது.

எது போட்டாலும் அழுக்கு படியும். இரண்டு மூன்று வருடத்தில் பிரதிபலிக்கும் திறன் கணிசமாகக் குறையும். ஹைவே தூசியும் லாரிப் புகையும் உள்ள பகுதியில் இன்னும் சீக்கிரம். கோடைக்கு முன் ஒரு தடவை மாடியைக் கழுவிவிட்டாலே பாதிப் பலன் திரும்ப வரும்.

வெள்ளையைவிட வலுவானது காப்பு அடுக்கு, அதாவது தளத்தின் மேல் ஃபோம் பலகை போட்டு அதன் மேல் பூச்சு. மத்திய மின்சார அமைச்சகம் 2018-ல் வீடுகளுக்காக வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகளில், கூரை வழியாகக் கடக்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு சதுர மீட்டரில், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மேலே எதுவும் இல்லாத ஆறு அங்குல கான்கிரீட் தளத்தில் இது 3-க்கும் மேல். இரண்டு சென்டிமீட்டர் நல்ல ஃபோம் பலகை இருந்தாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம். இவ்வளவு மெல்லிய அடுக்குதான். ஆனால் ஏற்கனவே கட்டிய வீட்டில் தண்ணீர் ஓடும் சரிவு, பைப், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாவற்றையும் திறந்து மூட வேண்டியிருக்கும் என்பதால், தனியாக யாரும் இறங்குவதில்லை.

ஃபால்ஸ் சீலிங் பாதி பதில்தான். தளம் சூடாகவேதான் இருக்கும், சூடு கீழே வருவது கொஞ்சம் தடுக்கப்படும். வாடகைக்காரரின் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான் என்பதால் பலரும் அதைச் செய்கிறார்கள்.

தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுகளில் எச்சரிக்கை வேண்டும். அந்த ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதோ, உரசுவதோ, ஓட்டை போடுவதோ கூடாது. நுரையீரலுக்கு ஆபத்தான நார் பறக்கும். தண்ணீர் ஊற்றி, மென்மையாகக் கழுவி, காய்ந்த பிறகு பூச வேண்டும். ஷீட்டின் மேல் ஏறி நின்று வேலை செய்யவும் கூடாது, உடைந்துவிடும்.

மொட்டை மாடி யாருடையது?

சிக்கல் இங்கேதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி அடுக்குமாடியில் மொட்டை மாடி பொதுப் பகுதி. துணி காயப்போட எல்லாருக்கும் உரிமை. ஆனால் அதன் சூட்டை வாங்குவது மேல்மாடி வீடுகள் மட்டும். எட்டு வீடு உள்ள கட்டடத்தில் இரண்டு வீட்டுக்குப் பிரச்சினை என்றால், அசோசியேஷன் கூட்டத்தில் ஆறு பேர் சொல்வது: "உங்களுக்கு வேணும்னா நீங்க அடிச்சுக்கோங்க."

இந்த இடத்தில் மேல்மாடிக்காரர்கள் வைக்க வேண்டிய வாதம் வெயில் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில்தான் விரிசல் விழுகிறது. விரிசல் வழியே மழைத் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும். அது மொத்தக் கட்டடத்தின் ஆயுள் சம்பந்தப்பட்டது, செலவும் எல்லாருடையது. வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்கு எப்படியும் சில வருடங்களுக்கு ஒருமுறை பணம் வசூலிக்கிறார்கள். அந்த வேலையின் கடைசிப் பூச்சு வெள்ளையாக, வெயிலைத் திருப்பி அனுப்புவதாக இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டால், தனிச் செலவு என்று ஒன்று பெரிதாக வராது.

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் மோசம். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்தவர் கூரைக்குப் பணம் போட மாட்டார். வீட்டு ஓனருக்கோ மின் பில் வருவதில்லை, தூக்கமும் கெடுவதில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டடப் பழுதையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. சுவருக்கு வெள்ளை உண்டு, தலைக்கு மேல் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "மாடிக்கு கூலிங் பெயின்ட் அடிச்சுக் கொடுங்க" என்று கேட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத வைப்பதுதான் வாடகைக்காரருக்கு இப்போது இருக்கும் ஒரே பிடி. குடியேறிய பிறகு கேட்டால் நடக்காது.

அரசு எங்கே நிற்கிறது?

நல்ல தொடக்கம் இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. அம்பத்தூரில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளியின் கூரையில் வெள்ளைப் பூச்சு முன்னோட்டமாகச் செய்யப்பட்டது. அடுத்து 200 பசுமைப் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் விரிந்தது. இந்தப் பணிகளை முன்னெடுத்த சுப்ரியா சாஹு ஐ.ஏ.எஸ்ஸுக்கு 2025-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது கிடைத்தது. பள்ளியில் இது சுலபம், கூரைக்கு ஒரே முதலாளி அரசு. தனியார் வீடுகளுக்கு அந்த வெள்ளை எப்படி வரும் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். தேவையான அறிவிப்புதான். ஆனால் இறந்த பிறகு கொடுக்கும் தொகையில், உயிரோடு இருக்கும்போது எத்தனை ஷீட் கூரைகளுக்கு வெள்ளையடிக்கலாம் என்ற கணக்கையும் அரசு போட்டுப் பார்க்க வேண்டும்.

தெலங்கானா 2023-ல் நாட்டிலேயே முதல் மாநிலமாக கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. அங்கே அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம், வீடுகளில் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனை என்றால் கட்டாயம். 600 சதுர கஜம் என்பது 5,400 சதுர அடி, நம் கணக்கில் இரண்டே கால் கிரவுண்டு. மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. நூம்பலில் வரிசையாக எழும்பும் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரு கிரவுண்டிலும் அரை கிரவுண்டிலும் நிற்பவை. தெலங்கானா விதியை அப்படியே நகல் எடுத்தால் இந்தத் தெருக்களைத் தொடாமலேயே போய்விடும். தமிழ்நாடு செய்வதானால் மனை அளவை வைத்துச் செய்யக் கூடாது. கடைசி மாடியில் ஒரு வீடு இருந்தாலே விதி பொருந்த வேண்டும்.

"ஏற்கனவே கட்டின வீட்டை எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?" என்று கேட்பவர்களுக்கு 2003 ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்று பிரிக்கவில்லை. கெடு வைத்தார்கள், ஊரெல்லாம் பைப் ஓடியது. மொட்டை மாடி தனியார் சொத்து, அரசு அங்கே வரக் கூடாது என்ற வாதம் அன்றே முடிந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் ஓட்டையும் தெரிந்ததுதான். போட்ட குழிகளை அப்புறம் யாரும் தூர்வாரவில்லை, பல இடங்களில் பைப் மட்டும் நிற்கிறது. வெள்ளைப் பூச்சும் அதே மாதிரி நாலு வருடத்தில் கறுத்துப் போகும். அதனால் ஒருமுறை அடித்தோம் என்ற போட்டோவோடு நிற்காமல், சொத்து வரியில் சின்னச் சலுகையைப் பூச்சைப் புதுப்பிப்பதோடு இணைக்க வேண்டும். ஷீட் வீடுகளுக்கு அரசே இலவசமாக அடித்துக் கொடுக்க வேண்டும், அவர்களிடம் சலுகை பெறுவதற்கு வரியும் இல்லை, கூரையும் சொந்தம் இல்லை.

மானியம் என்று வரும்போது ஒரு முரணும் இருக்கிறது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம். குடியிருப்போர் சங்கங்களுக்கும் பொது மின்சாரத்துக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. பேனல் நிற்கும் இடத்தில் நிழலும் விழும், அதுவும் நல்லதே. ஆனால் அந்த சோலார் மின்சாரத்தைச் சாப்பிடும் ஏசியின் வேலையைக் குறைக்கும் வெள்ளைப் பூச்சு அந்தத் திட்டத்துக்குள் வராது.

பூச்சு வேலைக்கு ஏற்ற காலம் பொங்கல் முடிந்து மார்ச் வரை. மழை நின்று தளம் நன்றாகக் காய்ந்திருக்கும், வேலை செய்பவர்கள் மாடியில் நிற்க முடிகிற வெயிலாகவும் இருக்கும். ஏப்ரலில் கூட்டம் போட்டு, மே மாதம் கொட்டேஷன் வாங்கி, ஜூனில் "மழை வரட்டும் பாக்கலாம்" என்று முடிப்பதுதான் பல அசோசியேஷன்களின் வழக்கம். இந்தத் தடவை ஜனவரிக் கூட்டத்தின் அஜெண்டாவில், பார்க்கிங் சண்டைக்கு முன்னால், இதை எழுதச் சொல்லுங்கள்.